ஆறு சரிக்குறிகள்

எலும்பு வார்டில் அந்தச் செவிலியரைக் 'கடிகாரம்' என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் பணிக்குத் தாமதமாக வந்ததில்லை. பன்னிரண்டு மணிக்குள் வீடு திரும்பவேண்டிய நோயாளிகள், பன்னிரண்டு அடிப்பதற்குள் வாசலைத் தாண்டியிருப்பார்கள்.

வார்டுக்கு வெளியேயும் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமைதோறும், புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் இரத்த உறைவைப் பற்றிப் பேசுவார். கையில் ஒரு முழ ரப்பர் குழாய் இருக்கும். "படுத்தே கிடக்கிற கால்ல ரத்தமும் சோம்பேறியாயிடும். ஒரு சோம்பேறி உட்கார்ந்த இடத்துல நாலு சோம்பேறி வந்து உட்காருவான். அதுதான் கட்டி. அங்கேயே கிடந்தா கால் வீங்கும். கிளம்பி நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே உலை வச்சிடும்" என்பார். கூடம் சிரிக்கும்; சிரித்தவர்கள் அதை மறப்பதில்லை.

அப்படிப்பட்டவர், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பத்தாம் கட்டிலில் இருந்த தையற்காரம்மாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த அம்மாவுக்கு இடது முழங்கால் மூட்டு மாற்றி ஆறு நாள்கள் ஆகியிருந்தன. அன்று வீடு திரும்பவேண்டியவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். தாளுக்கு ஆறு கட்டங்கள். கணுக்காலை அசைக்கச் சொல்லியாயிற்றா, நடக்கச் சொல்லியாயிற்றா, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லியாயிற்றா, ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்காமல் உடனே வரவேண்டும் என்று சொல்லியாயிற்றா, மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது என்று சொல்லியாயிற்றா. ஆறாவதாக, நோயாளி இவற்றைத் தம் வாயால் திருப்பிச் சொன்னாரா. பேனா வாயை முந்திக்கொண்டது. ஆறு கட்டங்களிலும் பச்சை மையில் சரிக்குறிகள் விழுந்தன. விரல் காட்டிய இடத்தில் தையற்காரம்மா கையெழுத்திட்டார். உண்மையைச் சொல்லப்போனால், பேனா முந்திக்கொண்டது அன்றுதான் முதன்முறை என்றும் இல்லை.

வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் தையற்காரம்மா சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். இடது கெண்டைக்கால் தலையணையாக உப்பிச் சிவந்திருந்தது. அறுவை செய்த கால் வீங்கத்தானே செய்யும் என்று நான்கு நாள்களாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். "கட்டி இன்னும் கால்லயே இருக்கறது உங்க நல்ல நேரம்மா. தேய்க்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லி, நீங்க திருப்பிச் சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்கீங்களே?"

தையற்காரம்மா தம் கையெழுத்தைப் பார்த்தார். "சொல்லியிருப்பாங்க டாக்டர். என் மண்டையிலதான் எதுவும் நிக்கல போல." பிறகு செவிலியரை நோக்கி, "மன்னிச்சுக்கங்க சிஸ்டர். நீங்க வாய் வலிக்கச் சொன்னதெல்லாம் வீணாப்போச்சு" என்றார்.

செவிலியர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். ஊசித் தட்டை இல்லாத அவசரத்தோடு ஒழுங்குபடுத்தினார். வாய்ப்பு வந்தது, நின்றது, போய்விட்டது.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் வீக்கம் சற்று வடிந்திருந்தது. குணமாகி வருகிறவரிடம் போய் எதற்கு, என்று மனம் ஒரு சாக்குத் தேடித் தந்தது. தையற்காரம்மா மறுபடி படுத்திருந்த அதே பத்தாம் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

நான்காம் நாள் பார்வையாளர் நேரத்தில், பத்தாம் கட்டிலின் திரைக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்புக் கேட்டது.

"மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா, தோள் பதினாலரை, கை எட்டு. டீச்சரம்மா, தோள் பதிமூணே முக்கால், கழுத்து... கழுத்து ஆறா, ஆறரையா?"

முப்பது ஆண்டுகளாக வாடிக்கையாளர்களின் அளவுகளை நோட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருந்தவர், தம்மைத் தாமே சோதித்துக்கொண்டிருந்தார்.

"விடும்மா" என்றாள் மகள். "ஊரார் துணியைக் கெடுத்துப் பேரைக் கெடுத்துக்கறதுக்கு முன்னாடி நிறுத்திக்கலாம். கத்தரிக்கோலையும் டேப்பையும் உள்ள வச்சுப் பூட்டிட்டேன். மெஷினை என் நாத்தனார் கேக்கறா, கொடுத்துடலாம். காலைப் பத்திச் சொன்னதே ஞாபகம் இல்லைன்னா, நாளைக்கு அடுப்பை அணைக்கவும் மறந்துடுவே."

"அடுப்பு வரைக்கும் போயாச்சா?" என்றார் தாய். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தக் கடைசிச் சொற்கள் செவிலியரை அங்கேயே நிறுத்தின. கால் குணமாகிவிடும். தம் புத்தியின்மேல் அந்த அம்மா இழந்த நம்பிக்கைக்கு மருந்தகத்தில் ஊசி இல்லை. அவர் திரையை விலக்கினார்.

"அம்மா, நீங்க எதையும் மறக்கலை. நான் எதுவும் சொல்லவே இல்லை. சொன்னதா குறி போட்டுட்டு, கையெழுத்து மட்டும் வாங்கினேன்."

மகள்தான் முதலில் பேசினாள். "நாலு நாளா எங்கம்மாவை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். அவங்களும் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க. நீங்க இந்தக் கட்டிலைத் தாண்டித்தானே போயிட்டு வந்தீங்க?"

"ஆமா."

தையற்காரம்மா கோப்பிலிருந்த தம் தாளைக் கேட்டு வாங்கிக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "இதை நான் அன்னைக்கே கவனிச்சிருக்கணும். ஆறும் ஒரே சாய்வு, ஒரே இழுப்பு. ஊசியை எடுக்காம ஓட்டின தையல். ஒவ்வொண்ணாச் சொல்லிப் போட்டிருந்தா ஒண்ணாவது கோணலா விழுந்திருக்கும்." சற்றுப் பொறுத்து, "ஆனா எதுவும் சொல்லலைன்னு சொல்ல முடியாது சிஸ்டர். 'சீக்கிரம்மா, வெளியில அடுத்த ஆள் நிக்கறாங்க'ன்னீங்க. அது அப்படியே ஞாபகம் இருக்கு" என்றார்.

குரலில் சூடே இல்லை. இருந்திருந்தால் செவிலியரால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

"இப்ப சொல்லட்டுமாம்மா?"

"சொல்லுங்க. உட்கார்ந்து சொல்லுங்க."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழாயும் இல்லை, சோம்பேறிக் கதையும் இல்லை. ஐந்தையும் சொல்லி முடித்ததும், தையற்காரம்மா வரிசை பிசகாமல் ஐந்தையும் திருப்பிச் சொன்னார். "ஒரு வேளை மாத்திரை தப்பிட்டா, அடுத்த வேளை ரெண்டாப் போடலாமா?" என்று ஒரு கேள்வியும் கேட்டார்.

"கூடாதும்மா. எங்களைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்."

"அதையும் எழுதுங்க. கட்டத்துல அது இல்லை."

அன்று மாலை செவிலியர் ஆறு குறிகளையும் கோடிட்டு அடித்து, 'வீடு திரும்பிய அன்று எதுவும் சொல்லப்படவில்லை' என்று எழுதி, நாளிட்டுக் கையெழுத்திட்டுத் தலைமைச் செவிலியரின் மேசையில் வைத்தார்.

தலைமைச் செவிலியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எதுக்கு எழுதினீங்க? யார் தாளை எடுத்தாலும் பாதிக்குப் பாதி இப்படித்தான் இருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். பதினொரு பேரில் மற்றப் பத்துப் பேரின் முகங்கள் செவிலியரின் கண்முன் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"அந்த வெள்ளிக்கிழமைத் தாள்களைக் கொடுங்க மேடம்" என்றார். "அவங்களுக்கும் சொல்லணும். போன் நம்பரெல்லாம் அதுலதான் இருக்கு."

மணி நான்கு ஐம்பது. ஐந்து மணிக்கு அவருடைய பணி முடியவேண்டும். முதல் எண்ணைச் சுழற்றிவிட்டுக் காத்திருந்தார். யாரோ எடுத்தார்கள். தாம் இன்னார் என்று சொல்லவே அவருக்கு நேரம் பிடித்தது.