ஸ்பீக்கரில் வராத குரல்

ஒருவன் பாடினான் என்பதற்கு யார் சாட்சி? பாடியவனா, கேட்டவனா? படித்தவர்கள் இதை வைத்து நாள் கணக்கில் வாதாடலாம். சிலுவைராஜுக்கு அந்தக் கேள்வி, ஆங் மோ கியோ வீட்டு மேசைமேல் சோப்புப் பெட்டி அளவே இருந்த இரண்டு ஸ்பீக்கர்களின் உருவத்தில் வந்தது.

1984ஆம் ஆண்டு கம்பெனி விருந்துக் குலுக்கலில் அவருக்கு விழுந்தவை அவை. சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. அங்கே அவர் ஒரு சத்தம் போட்டால் அடுத்த கொட்டகையில் திரும்பிப் பார்ப்பார்கள். அதே தொண்டைதான் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், பாடற்குழுவின் பின்வரிசையில் நின்று பேஸ் பாடியது. பேஸ் என்றால் ராகத்துக்கு அடியில் தரை மாதிரி ஓடும் தாழ்ந்த குரல். முன்பு நாலைந்து பேர் பாடினார்கள். ஒவ்வொருவராக வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போக, இப்போது அவர் ஒருவர்தான்.

பங்குக் கோயிலின் வெள்ளிவிழாவுக்குப் பாடற்குழு ஒரு கேசட் வெளியிட்டது. கையடக்கமான பிளேயரில் அந்த ஸ்பீக்கர்களை மாட்டி, மேசைமுன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் பாடினார்கள். ஆர்கன் ஒலித்தது. நடுவில் யாரோ இருமியதுகூடத் தெளிவாகக் கேட்டது. இருமியது அவர்தான். அவரிடமிருந்து கேட்டது அது ஒன்றுதான்.

"ஏங்க, இருமல் நல்லா விழுந்திருக்கு" என்றாள் மனைவி ஜோசபின்.

அவர் சிரிக்கவில்லை. பழியை ஸ்பீக்கர்மேல் போட்டார். சுவர் மூலையில் ஒட்டி வைத்துப் பார்த்தார். மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பார்த்தார். மைலோ டின்னுக்குள் வைத்தபோது மொத்தக் குழுவுக்கும் சளி பிடித்ததுபோல் ஆயிற்று. கடைசியில் சோற்றுப் பானை. வேலை முடிந்து வந்த ஜோசபின் பானையைத் தேடி அறைக்கு வந்தாள். "சோறு வைக்கணும்லா. உங்க பேஸை வெளிய எடுங்க" என்றாள். எடுக்க அங்கே பேஸ் இருந்தால்தானே.

இதோடு போயிருந்தால் ஒரு வீட்டுக் கூத்தாக முடிந்திருக்கும். ஆனால் பாடற்குழு மாஸ்டர் அருளானந்தமும் தம் வீட்டில் இதேபோன்ற ஒரு சின்ன செட்டில்தான் கேசட்டைக் கேட்டிருந்தார். அடுத்த ஒத்திகையில், கிறிஸ்துமஸ் கேசட்டுக்குப் பேஸ் வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். ஜனங்கள் வீட்டில் கேட்கப்போவது இந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான். அதில் வராதது எதற்கு? அடிக்குரலை ஆர்கன் பார்த்துக்கொள்ளும்.

"ஆர்கனோட அடிக்குரலும்தான் அதுல வராது, மாஸ்டர்."

"ஆர்கன் கோவிச்சுக்காது லா" என்றார் அருளானந்தம். எல்லோரும் சிரித்தார்கள்.

சிலுவைராஜ் அன்று விடவில்லை. கேசட்டில் தான் இருப்பதாக ஒரே பிடியாய் நின்றார். சலித்துப்போன மாஸ்டர் கடைசியில் சொன்னார்: "எங்கயாவது பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு. நீயே வந்து சொல்லு, உன் வார்த்தை போதும். இருக்குன்னா பேஸ் இருக்கட்டும். இல்லன்னா பேச்சை விட்டுடணும்."

சிராங்கூன் ரோட்டில் நெய்னா முகம்மது நடத்திய கேசட் கடையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. முதல்முறை போனபோது கடை நிறையக் கூட்டம். சினிமாப் பாட்டை நிறுத்தினால் யாவாரம் போகும் என்று பாய் கையை விரித்தார். அடுத்த முறை ஒரு ஸ்பீக்கர் பழுதாகிக் கழற்றிக் கிடந்தது. எடுத்த விடுப்பு வீணானதுதான் மிச்சம். மூன்றாம் முறை, கடை ஓய்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், ஜோசபினும் கூட வந்தாள்.

கேசட்டைப் போட்டதும், பாட்டின் முதல் அடியிலேயே கண்ணாடி அலமாரி லேசாக அதிர்ந்தது. அழகான குரல் என்று சொல்ல முடியாது, கரடுதான். ஆனால் பாட்டு அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் மற்றவர்கள் ஒரு கணம் தொங்கிப்போனார்கள்.

"யாரு அண்ணே, அடியில உறுமுறது?" என்று கேட்டார் பாய். ஜோசபின் கணவரைக் கைகாட்டினாள். அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை. சிலுவைராஜ் மறுபடி போடச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தரம், தமக்காக மட்டும் கேட்பதுபோல. பிறகு கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வழி நெடுக ஜோசபின்தான் பேசிக்கொண்டு வந்தாள், மாஸ்டர் முகம் எப்படிப் போகும் என்று.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் அருளானந்தம் காத்திருந்தார். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்: "என்ன சிலுவை, போட்டுக் கேட்டியா?"

ஜோசபின் வாயைத் திறப்பதற்குள் சிலுவைராஜ் முந்திக்கொண்டார்.

"கேட்டேன், மாஸ்டர். அதுலயும் இல்ல."

மாஸ்டர் நிம்மதியாக அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஜோசபின் கணவரையே பார்த்தபடி நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து அவர் அவள் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் பாடும் ராகத்தையே பாடினார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கோபத்திலும் கேட்டாள், கெஞ்சியும் கேட்டாள். அவர் கடைசிவரை சொல்லவில்லை.