பஸ் போன பிறகு வந்த விடுமுறை

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். ஆவடியில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் ஒரு டீச்சர் குடும்பம். அவர் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. டீச்சருக்குக் காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் உத்தியோகம். மூன்று வயது மகளை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, தினமும் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

புயல் வருகிறது என்று முதல் நாளே ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் பக்கம் யார் காதில் வாங்கினார்கள்? புயல் என்றால் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். கடல் எங்கே, ஆவடி எங்கே என்று இருந்துவிட்டோம்.

விடிந்தால் பேய்மழை. "சென்னை மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எங்கள் தலைவலியே இதுதான். துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் நாங்கள் சென்னைதான். ரேஷன் கார்டில் மட்டும் செங்கல்பட்டு மாவட்டம்.

"நமக்கும் லீவாக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"இந்த மழைல எவன் ஸ்கூல் தொறப்பான்? பேசாம ஊட்ல இரு டீச்சர்" என்றேன்.

"மெட்ராசுக்குத்தானே சொன்னாங்க? போகலன்னா ஆப்சென்ட் போட்டுடுவாங்கக்கா."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் குழந்தையோடு பால் வாங்கப் போனேன். டீக்கடையில் பேட்டரி டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் விடுமுறை என்றார்கள். பாலை அங்கேயே வைத்துவிட்டு ஸ்டாப்பிங்குக்கு ஓடப் பார்த்தேன்.

"எங்கம்மா ஓடுற? டீச்சரு இப்பத்தான் ஏறிக்கினு போச்சு. பஸ்ஸு பருத்திப்பட்டே தாண்டியிருக்கும்" என்றார் கடைக்காரர்.

போன் பண்ணிச் சொல்லலாம் என்றால், எங்கள் தெருவில் யாரிடம் போன் இருந்தது? ஸ்கூல் கேட் பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுவார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

கேட் பூட்டித்தான் இருந்தது. வாட்ச்மேன் திருப்பி அனுப்பியிருக்கிறார். பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி நடக்கும்போது, முழங்கால் தண்ணீருக்குள் மின்கம்பி அறுந்து கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னார். போலீஸ்காரர் போன பின்னால்தான் டீச்சரின் கணவர் நனைந்துகொண்டே வேலையிலிருந்து வந்தார். "அவ வந்துட்டாளாக்கா?" என்றார். என் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எந்த வாயால் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது.

நடுக்கடலில் புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, எங்கள் ஊரில் ஒருத்தி பஸ் ஏறப் போகிறாள், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தெரியாமல் போயிற்றே என்று பல வருடம் யாரைப் பார்த்தாலும் சண்டைக்குப் போவேன்.

இப்போது மழைக்கு முன்னாலேயே செல்போன் அலறுகிறது, மழை, ஸ்கூல் லீவு என்று ஊர்ப் பெயரோடு தகவல் வருகிறது. வீட்டில் எல்லாரும் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும், இந்த ஒரு வரி அன்றைக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் முந்தி வந்திருந்தால் அந்தக் குழந்தை அம்மாவோடு வளர்ந்திருக்குமே என்று வயிறு எரிகிறது.