சேத்துக்காரிக்கு ஒரு வாய்

குழந்தைக்குச் சோறூட்டுவது லேசான வேலை என்று நினைப்பவர்களை மோனிஷாவின் முன்னால் ஒரு வேளை உட்கார வைக்க வேண்டும். நாலு வயது. ஒரு கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அது பாட்டுக்குக் காக்காயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அப்பன் அஜித்குமார் பெயிண்ட் வேலைக்காகக் காலையிலேயே பொன்னேரி பஸ் ஏறிவிடுவான். மல்லுக்கட்டுவதெல்லாம் தாய் பூவிழியின் தலையில்.

பூவிழிக்கு ஏரியில் வேலை. பழவேற்காட்டில் வலையும் படகும் உள்ள வீடு இல்லை அவளுடையது. அவளைப் போன்ற பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். அதனால் இறாலைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். கரையேறும் வரை பேச்சு கிடையாது.

வாசலில் நின்று துப்பினால் ஏரியில் விழும், அப்படி இருந்தது வீடு. குழந்தை என்றைக்காவது தண்ணீரில் இறங்கிவிடுமோ என்ற பயம் பூவிழியைத் தூங்க விட்டதே இல்லை. அந்தப் பயத்தில்தான் ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"துன்னு. துன்னலன்னா சேத்துக்காரி வந்துடுவா. தண்ணிகிட்ட போனாலும் இஸ்துகினு போயிடுவா."

"அவ யாரு?"

"ஏரிக்குள்ள கீறா. கண்ணு தெரியாது. கையாலயே தடவித் தடவி வருவா."

மோனிஷா மடக்கென்று விழுங்கியது. அடுத்த வாய்க்குள் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அவளுக்குப் பசிக்காதா?"

"பசிக்கும். இந்தா, உனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய்" என்று பூவிழி ஒரு கவளத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். அன்றிலிருந்து தட்டு காலியானது. என்ன சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள் பாவி. ஒதுக்கிய கவளம் தினமும் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

பால்வாடி விட்டதும் குழந்தை ஜெயம்மாவின் பெட்டிக்கடையில் இருக்கும். கரைமேல் உள்ள கடை. ஒருநாள் ஜெயம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உன் பொண்ணு தெனம் தண்ணியோரம் சோத்த வச்சிட்டு யாராண்டயோ பேசிகினு கீதுடி. அங்க யாருமில்ல."

பூவிழி போய்ப் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை, காக்கைக் கால் தடமும் இல்லை. ஈரச் சேற்றில் ஒரு கை தடவிய தடம் மட்டும் இருந்தது. தண்ணீரிலிருந்து மேலே வந்து தண்ணீருக்கே திரும்பியிருந்தது. குழந்தை விளையாடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு தன் கையை அதன்மேல் வைத்தாள். அவள் கையைச் சுற்றியும் இடம் மிச்சமிருந்தது.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்து உலுக்கினாள். "எதுக்குடி போன?"

"உன்னை அம்மா அம்மானு கூப்டேன். நீ பாத்த, பேசவே இல்ல. சேத்துக்காரி உன் வாயைக் கட்டிட்டா." மோனிஷாவுக்கு உதடு கோணியது. "சோறு குடுத்தாதான் உன்னை ஊட்டுக்கு அனுப்புவாளாம்."

பூவிழி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பறியைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் அந்தக் குரலைக் கேட்டிருப்பாள்! ம் என்றுகூடச் சொல்லாமல் குனிந்து தடவிக்கொண்டே போயிருக்கிறாள். நெஞ்சு வலித்தது. ஆனால் அந்தக் கைத்தடம் கண்ணைவிட்டுப் போகவில்லை. வலியைப் பயம் தின்றுவிட்டது. பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள். "இனிமே தண்ணிகிட்ட போனா காலை ஒடிச்சிடுவேன். சேத்துக்காரியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மறுநாள் கவளம் ஒதுக்கவில்லை. குழந்தையை வெளியே விடாதே என்று ஜெயம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

உச்சி வெயில். காற்று செத்துப்போயிருந்தது. தூரத்தில் இரைந்துகொண்டிருந்த பூநாரைகள் ஒரேயடியாக அடங்கின. கூட வந்த சாந்தி வெகுதூரம் முன்னால் போய்விட்டாள். அப்போதுதான் பூவிழியின் வலது கால் சிக்கியது.

சேற்றில் கால் புதைவது அவளுக்குப் புதிதல்ல. குதிகாலை ஆட்டி, உடம்பைச் சாய்த்தால் விட்டுவிடும். இது விடவில்லை. கீழே இழுக்கவும் இல்லை. சந்தையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. முகத்துவாரத்திலிருந்து கடல்நீர் ஏறத் தொடங்கியது. இடுப்பிலிருந்த தண்ணீர் மார்புக்கு வந்தது. பறியைத் துப்பிவிட்டுக் கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை.

"அம்மா!"

கரையில் மோனிஷா. ஜெயம்மாவின் கண்ணில் படாமல் நழுவி வந்திருந்தது. உள்ளங்கையில் பால்வாடிச் சோறு. நேராகத் தண்ணீருக்குள் நடந்து வந்தது. முழங்கால் முழுகியது. கவுன் மிதந்தது. போடி, திரும்பிப் போடி என்று பூவிழியின் உடம்பெல்லாம் கதறியது, வாயைத் தவிர. குழந்தை கழுத்தளவு தண்ணீரில் நின்று கையை விரித்தது. சோறு உதிர்ந்தது.

கால் விடுபட்டது. பூவிழி விழுந்தடித்து நீந்தினாள். மோனிஷாவின் தலை ஒருமுறை முழுகியதைப் பார்த்தாள். அப்புறம் அது தெரியவே இல்லை.

அவள் கரையைத் தொட்டபோது, குழந்தை உலர்ந்த மணலில் உட்கார்ந்திருந்தது. கவுனின் முதுகில், நேற்று பூவிழி அடித்த இடத்தில், அகலமான ஒரு கை சேற்றில் பதிந்திருந்தது.

பூவிழி பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்க நேரமாயிற்று. அப்புறம்தான் கேட்கத் துணிந்தாள். "அவ இன்னாடி சொன்னா?"

"திட்டிட்டாம்மா. நான் தண்ணிகிட்ட வரவே கூடாதாம். நாளைலேர்ந்து சோத்த நீயே எடுத்தாரணுமாம்."

இப்போதெல்லாம் பூவிழி ஏரிக்குப் போகும்போது ஒரு கவளம் கொண்டுபோகிறாள். அதைத் தண்ணீரோரம் வைத்துவிட்டுப் பறியைக் கடிப்பாள். மோனிஷா கடை வாசலிலிருந்தே அம்மா என்று கூப்பிடும். பூவிழி நிமிர்ந்து கையை உயர்த்தி ஆட்டுவாள். அதுவும் ஆட்டும். சில நாள், கொஞ்சம் தள்ளித் தண்ணீர் பக்கம் திரும்பி இன்னொரு தரமும் ஆட்டும். அது யாருக்கு என்று பூவிழி கேட்டதில்லை.