கதிர்காமநாதன் வைச்ச புகைச் சில்லி

ஆர் என்ன சொன்னாலும் கேக்கிற பிறவியில்லை கதிர்காமநாதன். ஜேர்மனியிலை, டுசல்டோர்ஃபிலை ஒரு கன்டீனிலை கோப்பை கழுவிக் கழுவிக் கை வெளிறிப்போன மனிசன். ரயில் பாதையோரத் தோட்டச் சங்கத்திலை அவருக்கும் ஒரு துண்டுக் காணி இருந்தது. சங்கத்தின்ரை ஒவ்வொரு கோடை விழாவுக்கும் அவரின்ரை புகைச் சில்லி எண்ட இறைச்சிக் குழம்புதான். மீன் புகைபோடுற தகரப் பீப்பாவுக்குள்ளை, அடியிலை மரத்தூளைப் புகையவிட்டு, மேலை சட்டியைத் திறந்தபடி வைப்பார். கொத்தின ஆட்டிறைச்சி, சிவப்பு போஞ்சிக்கொட்டை, தக்காளி, அதோடை எங்கடை வறுத்த மிளகாய்த்தூள். வெள்ளையள் மூக்கு ஒழுக ஒழுக வழிச்சுத் தின்னுவாங்கள்.

2009 ஆனி மாசம் விழா நாள் விடிய, இறைச்சியை எடுத்து வைக்கவே மனிசி ரஞ்சினி மறிச்சா.

"இந்த வருசம் வேண்டாமப்பா. இரத்தினத்தின்ரை பாடு தெரியாமல் கிடக்கு."

இரத்தினம் அவரின்ரை ஒரே தம்பி. தகப்பன் போனபிறகு இவர் தோளிலை தூக்கி வளர்த்தவன். வன்னிக்குள்ளை அகப்பட்டு, சித்திரையிலை ஒருக்கா போன் எடுத்து, "அண்ணை, ஷெல் கிட்ட விழுது, பிறகு எடுக்கிறன்" எண்டவன்தான். சண்டை முடிஞ்சும் எடுக்கேல்லை. முகாமிலை இருக்கிற சனத்திட்டையும் கேட்டாச்சு. கண்டனெண்டு சொல்ல ஒரு நாதியில்லை.

"செத்திட்டான் எண்டு சொல்லுறியோ?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லுவனோ? செத்த வீட்டுத் துடக்கெண்டால் மச்சம் மாமிசம் தொடக்கூடாது. எங்கடை வீட்டிலை ஆக்கினதைப் பிறத்தியாருக்குக் குடுக்கவும் கூடாது. நாளைக்கு ஏதும் தெரியவந்தால் உங்கடை மனம் ஆறுமே?"

"ஆருக்கடி துடக்கு? அவன் இருக்கிறான். நான் சமைக்கத்தான் போறன்!"

சமைக்காமல் விட்டால் தம்பிக்குத் தானே கொள்ளி வைச்ச மாதிரி எண்டு அந்த விசர் மனிசனுக்கு ஒரு எண்ணம். என்னத்தைச் சொல்ல! ரஞ்சினி வெங்காயம் உரிக்கத் தொடங்கினா.

காலமை மூட்டின புகை பின்னேரம் வரைக்கும் போனது. மனிசன் பச்சைத்தண்ணி குடிக்கேல்லை. பீப்பாவைத் திறக்கிறதும் கிண்டுறதும் மூடுறதுமாய் நிண்டார். கண் சிவந்ததுக்குப் புகையைச் சாட்டினார்.

சனம் கோப்பையோடை வரிசையிலை வந்திட்டுது. முதல் ஆள் பக்கத்துக் காணிக் கிழவி ஹெல்கா. ஒவ்வொரு வருசமும் அவதான் முந்துவா. கதிர்காமநாதன் அகப்பை நிறைய அள்ளி அவவின்ரை கோப்பைக்கு மேலை கொண்டு போனார். கை கவிழமாட்டனெண்டிட்டுது. அகப்பை அந்தரத்திலை நிக்க, குழம்பு மேசையிலை சொட்டிச்சுது.

விடியத்திலை இருந்து இருக்கிறான், இருக்கிறான் எண்டு வாய் சொன்னதுதான். மனம் அதை நம்பேல்லை எண்டு அப்பதான் அவருக்கே தெரிஞ்சுது. நம்பியிருந்தால் அந்தக் கிழவிக்கு ஒரு அகப்பை ஊத்த ஏலாமல் போகுமே?

"என்ன, சுகமில்லையோ?" எண்டு ஹெல்கா தங்கடை ஜேர்மன் பாசை டொச்சிலை கேட்டா.

அவர் அகப்பையைச் சட்டிக்குள்ளை போட்டு மூடினார்.

"சாப்பிடாதேங்கோ. என்ரை தம்பி செத்துப்போனான்."

அதையும் டொச்சிலைதான் சொன்னார். தமிழிலை சொல்ல அவருக்கு வாய் வந்திராது. பின்னாலை குழம்புக்குத் தொட்டுத் தின்னப் பாண் துண்டு வெட்டிக்கொண்டு நிண்ட ரஞ்சினிக்கு அது கேட்டிட்டுது. கத்தியைப் போட்டிட்டு, புல்லிலை குந்தி, தலையிலை அடிச்சுக் குழறத் தொடங்கினா.