நெல் இருந்த மூலை

ஈரம் ஏறாதிருக்க, கூடத்து மூலையில் இருந்த நெல்மூட்டைகளுக்கு அடியில் ராஜம் செங்கல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் தாழ்வாரம் முழுக்க நனைந்திருந்தது.

அவள் கணவன் கைலாசநாதன் காரைக்காலில் குமாஸ்தா. ஆபீஸில் வாய் திறக்காதவனுக்கு வீட்டில் சுவர் அதிரப் பாட்டு வேண்டும். ஆசாரியிடம் சொல்லிச் செய்த பேஸ் ஸ்பீக்கர் பெட்டியோடு காலையிலிருந்து மல்லுக்கட்டினான். ஒயரை மாற்றிப் பார்த்தான், பெட்டியை நகர்த்திப் பார்த்தான், அதிர்வு வரவில்லை.

"பெட்டி மூலையில இருந்தாதான் சத்தம் எழும்பும். மூட்டையத் தாழ்வாரத்துல போட்டுடலாம்."

"நனைஞ்சா முளைச்சுடும்ங்க. தை வரைக்கும் இதான் சோறு."

"தார்ப்பாய் மூடினா ஒண்ணும் ஆவாது." முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஆயிட்டா? புள்ளைங்களுக்கு இந்த டும்டும்மையே வடிச்சுப் போடட்டுமா?"

இழுத்த மூட்டையைப் பாதியில் விட்டுவிட்டு, கைலாசநாதன் கூடத்தை விட்டு வெளியே போனான்.