ஏரிச் செடியில் எரியும் அடுப்பு

சூளகிரி தாண்டியதும் பேருந்து பழுதாகி நிற்கிறது. என் கைக்குழந்தை பசியில் வீறிடுகிறாள். பால்பவுடர் கலக்க ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இல்லை. சாலையோர வீட்டுக்காரப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார். நீலச்சுடர் எழுகிறது, ஆனால் சிலிண்டரைக் காணோம்.

"ஏரியில மண்டிக் கெடக்குற ஆகாயத்தாமரைங்க. சாணியோட தொட்டியில ஊறவெச்சா கேஸ் வருது. போன மழைக்கு இந்தச் செடிதான் மதகை அடைச்சு, தண்ணி ஏறி, எங்க தக்காளித் தோட்டமே முழுகிருச்சு."

"அது மேல கோவம் இல்லையாக்கா?"

"இல்லாமயா? அதான் தெனமும் வெட்டியாந்து எரிக்கறேன்," என்று சிரிக்கிறார்.

மகள் வயிறு நிறையக் குடித்து என் தோளிலேயே தூங்கிப்போகிறாள். கிளம்பும்போது நன்றி சொல்கிறேன். அவரோ, வழிக்கு ஆகட்டும் என்று, நான் கேட்காமலே என் ஃபிளாஸ்க்கிலும் வெந்நீர் ஊற்றி மூடியை இறுக்குகிறார்.