அப்பா அடித்த அடையாளக் குச்சிகள்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை உங்களை அஸ்தம்பட்டி வழியாக மலையேற்றித் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன் அல்லவா? அங்கே நான் ஒவ்வொரு இலையாகக் கிள்ளி மோந்து பார்த்ததில் வெட்கப்பட்டு, நீங்கள் இருவரும் யாரோ போலத் தள்ளி நடந்தீர்கள். என்ன செய்வது சாமி, பெயர்ப்பலகையில் இருப்பதை அப்படியே நம்ப எனக்கு வருவதில்லை. எங்கள் அப்பாவிடமிருந்து வந்த குணம் அது.

ஒரு செடிக்கு மட்டும் பலகை தேவைப்படவில்லை. இலையைக் கசக்கியதும் பச்சை மாங்காய் வாசம். கிளுவை! எங்கள் பக்கம் அதுதான் வேலி. பூங்காவிலோ அதற்கே ஒரு கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கும் பெரியப்பா தோட்டத்துக்கும் நடுவில் நின்றது அப்படியொரு கிளுவை வேலி. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் அவர்கள் மோட்டார் போடுவார்கள், மறுநாள் நாங்கள்.

வேலி கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்கிறது என்று அப்பாவுக்குச் சந்தேகம். பெரியப்பா வேலியோரம் ஆடு மேய்த்தால், "இங்கயே எதுக்கு மேய்க்கறாரு?" என்பார். மேய்க்காவிட்டால், "இன்னைக்கு ஏன் ஆளக் காணோம்?" அந்த வீட்டிலிருந்து தட்டப்பயறு வந்தால், அதையும் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கு விடுவார்.

ஒரு கோடையில், வேலியை ஒட்டி எங்கள் பக்கமாக வரிசையாகக் குச்சி அடித்தார். வேலி நகர்ந்தால் தெரியவேண்டுமாம். தறிக்காரர் வீட்டிலிருந்து சிவப்பு நூல் வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் கட்டினார். குச்சிக்கு எங்கே போவது? கைக்கு எட்டிய வேலியிலிருந்தே ஒடித்துக்கொண்டார்.

அப்புறம் காலில் முள் ஏறிச் சீழ் வைத்துக் கட்டிலோடு கிடந்தார். மழையும் பெய்தது. நொண்டிக்கொண்டே முதல்முறை தோட்டத்துக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"குச்சியெல்லாம் புடுங்கிப்போட்டு நம்ம எடத்துல புதுசா ஒரு வேலி நட்டுட்டாரு! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்தரணும்."

அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "ஏனுங்க, பேச்சு நின்னா தண்ணியும் நின்னுரும். மொளகா பூத்து நிக்குதுங்க. கெணத்துக்கு எங்க போறது?"

அப்பா கேட்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அவர் போட்ட சத்தத்தில் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு வந்தார். குனிந்து, தளதளவென்று தழைத்திருந்த ஒரு கன்றின் இலைகளை விலக்கினார். உள்ளே சிவப்பு நூல். அடுத்த கன்றிலும் அதே நூல்.

"இது யாரு ஊட்டு நூலுடா தம்பி? கிளுவைய எங்க குத்துனாலும் தழையும்னு என்ற ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். உன்ற சந்தேகந்தான் வேரு புடிச்சு நிக்குது, போ!"

அப்பா குனிந்து நூலை இழுத்துப் பார்த்தார். "நூலு என்னுதுதானுங்கண்ணா. அவுத்து நீங்க கட்டியிருக்கலாமில்ல?"

பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "நாளைக்கு மோட்டார் உன்ற மொறை. மொளகாய்க்குத் தண்ணி உடு, போ."

வீட்டுக்கு வரும்வரை அப்பா வேலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வந்ததும் அம்மாவிடம் கேட்டார்: "அவரா எதுக்குத் தண்ணியப் பத்தி நெனப்பூட்டறாரு?"

மறுநாள் விடிந்தும் விடியாமல் மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் எப்போதும்போல வந்தது. மிளகாய் பிழைத்தது.

இருவருமே இப்போது இல்லை. நிலத்தை விற்றாயிற்று. பொக்லைன் வந்து ஒரே காலையில் வேலியைச் சுருட்டிக் கிணற்றுக்குள் தள்ளி மண் போட்டு மூடியது. இப்போது வரிசையாக வீட்டுமனைகள்.

பூங்காவுக்குப் போய்வந்த மறுநாள், உங்களிடம் சொல்லாமல் அந்த மனைகளுக்குப் போயிருந்தேன். வேலி இருந்த இடம் மட்டுமாவது தெரிகிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு மனையில் ஒருவர் போன் பேசிக்கொண்டு நின்றார்.

"இங்க ஒரு கிளுவை வேலி இருந்துச்சுங்களே?"

"தெரியலைங்க. நான் பிளாட் வாங்கியே ரெண்டு மாசந்தான் ஆச்சு."

பேசிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். குனிந்து பார்த்தேன். என் கால் அவருடைய எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு முழம் உள்ளே இருந்தது. வேண்டுமென்றே கொஞ்சநேரம் அப்படியே நின்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.